சாலைக்கு இரு புறமும் காடு: பினாங்கு நாட்குறிப்பு

அக்டோபர் 23, வியாழன் – சுங்கை பேராக் ஓய்வுத் தளம்

தீபாவளிக் கூட்டம் வடிந்த பிறகு பினாங்குக்குப் போனால் நெடுஞ்சாலை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது, பேருந்துதான் ஒத்துழைக்கவில்லை. ஈப்போவைத் தாண்டியதும் குளிரூட்டி நின்றது. மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து கீழே இறங்கியபோது இயந்திரமும் முனகத் தொடங்கியது. சுங்கை பேராக் ஓய்வுத் தளத்தில் எங்களை இறக்கிவிட்ட ஓட்டுநர், மாற்று வண்டி வரும்வரை பசியாறிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு ஒதுங்கிப்போனார். மாற்று வண்டி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

தே தாரிக் எனும் இழுத்த தேநீர் விற்கும் கடையில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தவர் ஐம்பது வயதைக் கடந்த லோரி ஓட்டுநர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஈப்போவிலிருந்து கெரிக் வழியாகக் கிளந்தானுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். அக்காவுக்கென்று எடுத்துவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியதும் பேச்சு தொடங்கியது. "கெரிக் தாண்டிட்டா ராத்திரியில வேகம் கூடாது தம்பி. வளைவுல கறுப்பா மதில் மாதிரி நிக்கும். கிட்டப் போனா மதில் காதை ஆட்டும்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்தச் சாலையில் இருட்டிய பிறகு தாம் எங்கும் வண்டியை நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே ரோயல் பெலும் காடு, தெற்கே தெமெங்கோர் காடு. இரண்டும் ஒரே காடாக இருந்து, சாலை வந்ததால் இரண்டு பெயராகப் பிரிந்து நிற்பவை. அடர்ந்த காட்டுக்குள் புல் குறைவு. சாலைக்காக மரம் வெட்டிய ஓரங்களில் வெயில் விழுவதால் புல்லும் இளங்கொடியும் செழிக்கின்றன. அவற்றை மேய யானைகள் இரவில் சாலைக்கு வருகின்றன. 2025 மே 11ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, அந்தச் சாலையில் லோரி மோதி ஒரு யானைக் குட்டி இறந்தது. வண்டியின் அடியில் கிடந்த குட்டியை விட்டு விலகாமல், தாய் யானை லோரியின் மீது தலையை முட்டுக்கொடுத்து நின்ற காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்தது. அதைப் பற்றிக் கேட்டபோது எதிரே இருந்தவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். "ஓட்டுனவனைத் திட்டுறாங்க. அந்த எடத்துல, அந்த நேரத்துல, யாரா இருந்தாலும் கஷ்டம்தான்."

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையும் மறு பாதி தொழில் பாசமும் இருந்தன. வேகத்தைக் குறைத்தால் விபத்து குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யானை எங்கே கடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்த இடத்தில் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே காட்டை விட்டுவிடும் வேலை ஓட்டுநருடையதன்று. கெரிக் அருகே அப்படிப்பட்ட உயர்த்திய சாலை ஒன்று, ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்தில், 2015இல் கட்டி முடிக்கப்பட்டது. சாலை திறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு வந்த ஏற்பாடு அது. தீபகற்ப மலேசியாவின் நடு முதுகாகக் கிடக்கும் காடுகளை மீண்டும் ஒன்றோடொன்று கோப்பதற்காக அரசு வகுத்த மத்திய வன முதுகெலும்புத் திட்டம், முதல் வடிவத்தில் 37 இணைப்பிடங்களைக் குறித்திருந்தது. குறித்தது கூட்டரசு எனப்படும் மத்திய அரசு, நிலமோ அரசியலமைப்பின்படி மாநிலங்களின் கையில் இருக்கிறது. வரைபடத்தில் பச்சைக் கோடு போடுவதற்கும், அந்தக் கோட்டின் மேல் கிடக்கும் நிலத்துக்கு மரம் வெட்டும் உரிமம் தராமல் இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் நெடியது.

சற்று முன்பு நாங்கள் வியர்வையோடு கடந்துவந்த மெனோரா சுரங்கப்பாதையை அப்போதுதான் வேறு விதமாக நினைத்துப்பார்த்தேன். மலையைக் குடைந்தவர்கள் விலங்குகளுக்காகக் குடையவில்லை. ஏற்றத்தைத் தவிர்ப்பதற்காகக் குடைந்தார்கள். இருந்தாலும் சுரங்கம் போகும் தூரம் வரைக்கும் மேலே காடு வெட்டுப்படாமல் கிடக்கிறது. மலையை வெட்டிப் பிளந்து சாலை போட்டிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது.

பட்டர்வொர்த்தில் படகேறியபோது இருட்டிவிட்டது. சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் கோழியும் வெண்டைக்காயும் வாங்கிய கையோடு பதினான்கு வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். கோலாலம்பூர் விலைதான், குழம்பு மட்டும் கோலாலம்பூரைவிடத் தாராளம்.

அக்டோபர் 24, வெள்ளி – தண்ணீர்மலை, கொடிமலை

அக்காவின் அடுக்குமாடி வீடு தஞ்சோங் பூங்கா என்ற ஊரில், மலையடிவாரத்தில் இருக்கிறது. "இந்த மழைக் காலத்துல மலை ஏறப் போறியா?" என்று கேட்டபடியே இடியாப்பத்தையும் தேங்காய்ப் பாலையும் வைத்தார். பத்து மணிக்குத் தண்ணீர்மலை முருகனின் 513 படிகளை ஏறி இறங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தேன். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் கல் உடைத்தெடுத்த பள்ளத்தைத் திருத்தி உருவாக்கிய பூங்கா அது. அதன் வாயிலுக்கு அருகிலிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி வரைக்கும் ஜீப் செல்லும் தார்ப் பாதை ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டர்தான் என்றாலும் ஏற்றம் முட்டியைப் பதம் பார்த்துவிடும்.

பாதையின் தொடக்கத்தில் நீண்ட வால் குரங்குகள் நெகிழிப் பைகளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தன. அவற்றைக் கடந்து கொஞ்சம் உயரம் போன பிறகுதான் நான் பார்க்க வந்தவை தென்பட்டன. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று அழைக்கும் இலைக்குரங்குகள்: சாம்பல் கலந்த கறுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், எதையும் பறிக்க அவசரப்படாத தோரணை. தாய் ஒன்றின் மடியில் பொன்னிறக் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த சில மாதங்களுக்கு இந்த நிறம் இருந்து, பிறகு கறுத்துவிடும். இவற்றின் முதன்மை உணவு இளந்தளிர். பல அறைகள் கொண்ட இரைப்பையில் இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பதால், உண்டுவிட்டு நெடுநேரம் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். தரைக்கு இறங்குவதை விரும்பாத விலங்கு என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். இரண்டு மரங்களுக்கு நடுவே பாயக்கூடிய தூரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், அந்த இடம் அதற்கு ஆற்றைப் போல் ஆகிவிடும். கடந்தாக வேண்டுமானால் தார்ச்சாலையில் இறங்கி ஓட வேண்டும், அல்லது மின்கம்பியைப் பிடித்துப் போக வேண்டும். இரண்டிலும் சாவு இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அருகிவரும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

பாதி வழியில் தன்னார்வலர்கள் நடத்தும் ஓய்வுக் குடிலில் தேநீர் கொடுத்தார்கள். விலை கிடையாது; உண்டியலில் மனம்போல் போடலாம். தண்ணீரை அடிவாரத்திலிருந்து முதுகில் சுமந்து வந்திருந்த சீனப் பெரியவர், என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலேயே இரண்டாவது கோப்பையை நிரப்பினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஐந்து மொழிகளில் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினோம். 2017 நவம்பரில் பெய்த பேய்மழையில் இந்த மலையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை ஒருவர் நினைவுபடுத்தினார். மற்றவர்கள் அமைதியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

உச்சியில் மேகம் விலகியபோது தீவின் வடமேற்குப் பகுதி முழுவதும் ஒரே பச்சையாகத் தெரிந்தது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலைக் காடு, தாவரவியல் பூங்கா, தெலுக் பஹாங் தேசியப் பூங்கா, அதை ஒட்டிய கடல் ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் 12,481 ஹெக்டேர். எண்ணைக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலிருந்து பார்க்கும் பச்சை ஏமாற்றக்கூடியது. அதில் காடும் இருக்கிறது, டுரியான் தோப்பும் இருக்கிறது, பின்புறம் மரம் வளர்ந்துவிட்ட பழைய பங்களாவும் இருக்கிறது. மரங்களின் அடியில் மறைந்துபோன சாலைகளும் இருக்கின்றன. உச்சியில் நிற்பவனுக்குத் தெரியாத அந்தச் சாலைகளைக் குரங்கு மட்டும் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்கிறது.

1967இல் மெக்ஆர்தர், வில்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், தீவின் அளவும் அடுத்த நிலத்திலிருந்து அது இருக்கும் தொலைவுமே அங்கு எத்தனை இனங்கள் நிலைக்கும் என்பதை முடிவு செய்கின்றன என்று விளக்கினார்கள். கடல் தீவுக்காகச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் துண்டுபட்ட காடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பினாங்கு இரண்டு வகையிலும் தீவு. நீரால் சூழப்பட்ட நிலத்துக்குள்ளே, வீடுகளால் சூழப்பட்ட காடுகள். வளர்ந்த ஆண் இலைக்குரங்கு பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறி வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். போக வழியில்லாத துண்டில் சில தலைமுறைகளுக்குள் சொந்தத்துக்குள்ளேயே குட்டிகள் பிறக்கும். ஒரு நோய் வந்தால் அந்தத் துண்டு காலியாகிவிடும், காலியானதை நிரப்ப வெளியிலிருந்து யாரும் வர முடியாது. எத்தனை ஹெக்டேர் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்த மலை புரியும் என்று எனக்குப் பட்டது.

கால் ஒத்துழைக்காததால் மலை ரயிலில் இறங்கினேன். 1923இலிருந்து ஓடும் தடம். பெட்டிகள் புதியவை, வரிசை மட்டும் பழையது போல நீளம்.

இரவு அக்காவின் வீட்டு மின்தூக்கிக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. குரங்குகளின் தொல்லையால் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் மரங்களை வெட்டுவது பற்றி ஞாயிறு இரவு குடியிருப்போர் கூட்டம் நடக்கும் என்று அதில் இருந்தது. அக்கா மரத்தை வெட்டும் கட்சி. போன மாதம் சமையலறைச் சன்னல் வழியாக ஒரு குரங்கு நுழைந்து, பாயச பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது.

அக்டோபர் 25, சனி – தெலுக் பஹாங்

101ஆம் எண் பேருந்து பத்து ஃபெரிங்கி கடற்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் உல்லாச விடுதிகளின் மதில். மறு பக்கம் சரிவாக இறங்கிவந்து சாலையின் விளிம்பில் நின்றுவிடும் காடு. தெலுக் பஹாங்கில் இறங்கி நடந்தால், தலைக்கு மேலே சாலையின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் பாலம் தெரியும். தெரியும் என்று சொல்கிறேனே தவிர, சொல்லித் தராவிட்டால் பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களால் ஆன அந்தப் பாலத்துக்கு ஆ லாய் கடவை என்று பெயர். தீபகற்ப மலேசியாவில் நகர்ப்புறச் சாலையொன்றின் மேல் மரவாழ் விலங்குகளுக்காக அமைந்த முதல் பாலம் இது, 2019இல் கட்டப்பட்டது. இதன் பின்னால் இருப்பது பினாங்கு லங்கூர் திட்டம் என்ற குழு. யாப் ஜோ லீன் என்ற ஆய்வாளர் 2016இல் அதைத் தொடங்கினார்.

தீயணைப்புக் குழாயைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல அறிவு இருக்கிறது. வெயிலையும் மழையையும் தாங்கும் என்பதோடு, பணிக்காலம் முடிந்த குழாய்களை மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளலாம். குரங்கின் கைக்கு வழுக்காது. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றுக் கிளைகளின் மேல் ஓராங் ஊத்தான்கள் கடப்பதற்கும் இதே குழாய்களைக் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வால்பாறைப் புதுத்தோட்டத்தின் வழியே போகும் சாலையில் சிங்கவால் குரங்குகளுக்காகக் கட்டிய பாலங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தேயிலைத் தோட்டத்து நடுவே எஞ்சிய காட்டுத் துண்டில் வாழும் அந்தக் குரங்குகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் ரப்பர்த் தோட்டங்களின் ஓரத்தில் கிடந்த காட்டுத் துண்டுகள் நினைவுக்கு வரும். அவற்றில் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் உணவுக் கடையில் இடம் பிடித்தேன். மீ கோரெங் எனும் வறுத்த நூடுல்ஸ் எட்டு வெள்ளி. கணவாய் போட்டால் பத்து. கடைக்காரர் கடையநல்லூர் வம்சாவளி. பேச்சில் தமிழும் மலாயும் ஒரே வாக்கியத்தில் வரும். "நானா, குரங்கு இந்தக் குழாய் மேல போறதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "அணில்தான் நெறைய. லோத்தோங் தன் இஷ்டத்துக்கு வரும். முந்தி இந்த எடத்துல மாசத்துக்கு ஒண்ணாவது அடிபட்டுக் கெடக்கும், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறப்ப பாத்துட்டு அழும்" என்றார். அவருடைய மாசக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் குழந்தைகள் அழுததை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கமாட்டார்.

பாலம் கட்டுவதில் கட்டுவது எளிய பகுதி. அதற்கு முன் கூட்டத்தைப் பின்தொடர்ந்து, எந்த மரத்தில் உறங்குகிறது, எந்தப் பருவத்தில் எதைத் தின்னப் போகிறது, சாலையை எந்த இடத்தில் கடக்கிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். விலங்கு கடக்காத இடத்தில் எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் அது சாலை மேல் தொங்கும் குழாயாகவே இருக்கும். கட்டிய பிறகும் கேமரா பொருத்திக் காத்திருக்க வேண்டும். இந்தப் பாலத்தில் அணில், நீண்ட வால் குரங்கு, இலைக்குரங்கு ஆகிய மூன்றும் கடப்பது பதிவாகியிருக்கிறது. பெரிய அளவில் செய்தவர்களும் இதே பொறுமையைத்தான் கடைப்பிடித்தார்கள். சிங்கப்பூரில் 1986இல் முடிந்த விரைவுச்சாலை புக்கித் தீமா காட்டை நடு நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வெட்டிப் பிரித்தது. 2013இல் அதன் மேல் 62 மீட்டர் நீளத்துக்கு மண் கொட்டி மரம் நட்டுப் பாலம் அமைத்து இரண்டையும் இணைத்தார்கள். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேலே 6 கடவைகளும் கீழே 38 கடவைகளும் இருக்கின்றன. ஓரத்தில் வேலி போட்டு விலங்குகளை அவற்றை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். வேலியில்லாமல் கடவை மட்டும் இருந்தால் மானுக்கு அங்கே போகத் தோன்றாது.

இரண்டு மணி வரை அணில்கள் மட்டுமே போய்வந்தன. மூன்று மணிக்கு மழை கொட்டியது. கடை முன்புறம் முழங்கால் வரை சாரல். மழை விட்டதும் நானா வெளியே வந்து, பாலத்தை விட்டு வெகு தூரம் தள்ளி வேறு திசையைக் காட்டினார். அங்கே சாலையின் இரு புறத்து மரங்களும் மேலே இன்னும் கிளை கோத்துக்கொண்டிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக இலைக்குரங்குகள் அந்தக் கிளை வழியாகக் கடலோரப் பக்கத்துக்குக் கடந்தன. கீழே கார்கள் ஒன்றும் அறியாமல் போய்க்கொண்டிருந்தன. பாலத்தைப் பார்க்க வந்தவனுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் குழாய்க்கு வேலையே கிடையாது. அந்த இரண்டு மரங்களையும் சாலை அகலப்படுத்தும் நாளில் யாரேனும் வெட்டினால், அதற்குப் பதிலாக ஆய்வும் அனுமதியும் குழாயும் கேமராவும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பும் தேவைப்படும்.

திரும்பும் வழியில் வாடகைக் காரை ஓரங்கட்டிய ஒரு குடும்பம் நீண்ட வால் குரங்குகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசிப்பதற்குள், உடன் வந்த மலாய்ப் பாட்டி ஒருவர் நேராகப் போய், குழந்தையிடம் அன்பாகவும் தகப்பனிடம் கடுமையாகவும் ஏதோ சொன்னார். கார் உடனே கிளம்பிவிட்டது. சாலையோரத்தில் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கை எந்தப் பாலமும் மேலே ஏற்றாது.

அக்டோபர் 26, ஞாயிறு – பாலிக் புலாவ்

பாலிக் புலாவுக்கு டுரியானுக்காகப் போகிறவன் அக்டோபர் கடைசியில் போகக்கூடாது. பருவம் முடிந்து தோப்புகள் காலியாக இருந்தன. ஆசாம் லக்சா எனும் புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸும் ஜாதிக்காய்ச் சாறும் மட்டும் குறைவில்லை: லக்சா ஏழு வெள்ளி, சாறு மூன்று.

அக்காவுக்குத் தெரிந்த தமிழ்த் தம்பதியர் ஒரு தோப்பைக் காவல் காத்துவருகிறார்கள். முதலாளி ஜார்ஜ்டவுனில் இருக்கிறார். சரிவில் டுரியான், மங்குஸ்தீன், ஜாதிக்காய் எல்லாம் கலந்து நிற்கின்றன; மேல் எல்லையில் வேலி இல்லாமல் காடு தொடங்குகிறது. விலங்குகளைப் பற்றி அந்த அண்ணனிடம் இனிமையான பேச்சை எதிர்பார்க்க முடியாது. "பூவைத் தின்னும், பிஞ்சைத் தின்னும், பழுத்ததை உருட்டி விட்டுட்டுப் போகும். வெடி போட்டா ரெண்டு நாள் வராது, மூணாவது நாள் சொந்தக்காரன் மாதிரி வந்து நிக்கும்." அவருடைய மனைவி உள்ளிருந்து, "சொந்தக்காரனாவது சொல்லிட்டு வருவான்" என்றார்.

வௌவாலைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் மாறியது. டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவு முழுவதும் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழ் உதிர்ந்துவிடும். அந்த ஒரே இரவுக்குள் மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். அதைச் செய்வதில் முதலிடம் குகையில் வாழும் தேனுண்ணி வௌவாலுக்கு. தியோமான் தீவில் நடந்த ஆய்வு, பெரிய பழந்தின்னி வௌவால்களும் டுரியான் பூவைக் கெடுக்காமல் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்று காட்டியது. ஆனால் டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்கள். மற்ற நாள்களில் அந்த வௌவால் எதை உண்ணும்? வாழைப்பூ, பெத்தாய் என்ற அவரை வகை மரத்தின் பூ, கடலோரச் சதுப்பில் ஆண்டு முழுவதும் பூக்கும் பெரம்பாங் மரம். 1970களில் பத்துமலைக் குகைகளின் வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சதுப்புநிலக் காட்டுக்கு இரவில் பறந்து போய்த் தேனருந்தித் திரும்புவதைக் கண்டார்கள். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அதே மலைதான். பக்தர்கள் இறங்கும் வேளையில் அதன் குகைகளிலிருந்து கடலோரத்துக்கு ஒரு கூட்டம் புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக, விலங்குகளின் வழித்தடம் என்றால் தரையில் தொடர்ச்சியாகக் கிடக்கும் காடு மட்டும் என்று நினைத்துக்கொள்வது குறைவான புரிதல். யானைக்கு வேண்டியது அகலமான தரை, இலைக்குரங்குக்கு வேண்டியது தொட்டுக்கொள்ளும் கிளை, வௌவாலுக்கு வேண்டியது ஓர் இரவில் பறந்து எட்டும் தூரத்தில் குகை, சதுப்பு, தோப்பு மூன்றும். சதுப்பை மண்ணிட்டு நிரப்பிவிட்டால் டுரியான் தோப்பில் காய்ப்பு குறையலாம். காய்ப்பு குறைந்தால் முதலாளி உரத்தைத் திட்டுவார். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அப்ப வௌவாலுக்கு வெடி வேணாம். குரங்குக்குப் போடலாம்ல?" என்றார். நியாயமான கேள்விதான். தோப்பு காடாகவும் இல்லாமல் வெட்டவெளியாகவும் இல்லாமல் நடுவில் நிற்பதால்தான் மேலே இருக்கும் காட்டு விலங்கு கீழே இருக்கும் இன்னொரு காட்டுத் துண்டுக்குப் போய்வருகிறது. அதன் செலவைத் தோப்புக்காரர் பழமாகக் கட்டுகிறார். யாரும் அவருக்கு அதைத் திருப்பித் தருவதில்லை. காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019இலிருந்து பணம் ஒதுக்குகிறது; முதல் ஒதுக்கீடு 6 கோடி வெள்ளி. அது மாநிலக் கருவூலத்துக்குப் போகும் பணம். அதில் ஒரு வெள்ளியாவது இந்தச் சரிவு வரைக்கும் ஏறி வருமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் தோப்பை வாங்க ஆள் வந்திருக்கிறார்களாம். வீடு கட்டவா, விடுதி கட்டவா என்பது காவல்காரருக்குத் தெரியாது. தமக்கு வேலை போகுமா என்பதுதான் அவருடைய கவலை. கிளம்பும்போது ஒரு பை ஜாதிக்காய் ஊறுகாயைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 27, திங்கள் – தஞ்சோங் பூங்கா

நேற்றிரவு கூட்டத்துக்கு அக்கா என்னையும் அழைத்துப் போனார். விருந்தாளிக்குப் பேச உரிமையில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று மொழிகளில் ஒரே புகார்: துணி கிழிந்தது, குப்பைத் தொட்டி கவிழ்ந்தது, குழந்தை பயந்தது. இந்தப் புகார்களைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. காட்டை இணைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. இணைப்பின் கடைசி முனை ஒருவருடைய சமையலறைச் சன்னலாக இருக்கும்போது அவருக்கு என்ன சொல்வது?

ஒன்றை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சன்னலுக்குள் நுழைபவை நீண்ட வால் குரங்குகள். குப்பைத் தொட்டி திறந்து கிடக்கும்வரை மரம் இல்லாவிட்டாலும் மதில் ஏறி வரும். பின்புற மரங்களை நம்பி இருப்பவை இலைக்குரங்குகள். அவற்றுக்கு அந்த வரிசை, மலைச்சரிவிலிருந்து எதிர்ப்புறத் தோப்புக்குப் போகும் வழி. வெட்டினால் தொல்லை கொடுப்பது நிற்காது, தொல்லை கொடுக்காதது மட்டும் சாலைக்கு இறங்கும். வீடு திரும்பிய பிறகு இதை அக்காவிடம் சொன்னேன். "பாயசத்தைக் கொட்டினது எது?" என்றார். வாலின் நீளத்தையும் முகத்தையும் விவரிக்கச் சொல்லிக் கேட்டேன். வெள்ளைக் கண்ணாடி போட்ட முகம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் முடிவு எட்டப்படவில்லை. ஓய்வுபெற்ற நகராண்மை அதிகாரி ஒருவர் எழுந்து, 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தை எடுத்துச் சொன்னதுதான் காரணம். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றார். தலைவர் முகம் சுருங்கியது. அளக்காமல் விவாதிப்பதில் பயனில்லை என்று ஒத்திவைத்துவிட்டார்கள்.

இன்று காலை அக்கா தையல் நாடாவோடு கீழே இறங்கினார். நான் குடை பிடித்தேன். வரிசையில் நிற்கும் ஆறு மரங்களில் நான்கு சட்டத்தின் அளவைத் தாண்டின. ஐந்தாவது 79 சென்டிமீட்டர். அக்கா நாடாவைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கீழே இறக்கிப் பார்த்தார். வேரடி பருத்திருந்ததால் கீழே 84 வந்தது. எதை எழுதுவது என்று என்னைக் கேட்டார். அரை மீட்டர் உயரத்தில் வந்ததைத்தான் எழுத வேண்டும் என்றேன். எழுதினார். அடுத்த வரியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பூட்டுள்ள மூடி வாங்க எவ்வளவு ஆகும் என்று நிர்வாகத்தைக் கேட்கும் குறிப்பையும் சேர்த்தார். ஒரு மணிப் பேருந்துக்கு நான் கிளம்ப வேண்டியிருந்ததால், பதில் என்ன வந்தது என்பதைக் கைப்பேசியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.